தூசிக்கு வெல்லம்

முடிச்சூர்,
16.6.96

அன்புள்ள அண்ணனுக்கு, கிருபா எழுதுவது. ஸ்தோத்திரம்.

விஷயம் இருந்தால் மட்டும் எழுது என்று போன தடவை சொல்லியிருந்தாய். இதில் அப்படிப் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அதனால் எழுதியதற்கே முதலில் மன்னித்துக்கொள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்யலாம்தான். ஆனால் பூத்துக்காரர் மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் வாயையே பார்க்கிறார். எனக்குப் பேச்சு வருவதில்லை.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், நீ இருந்த அதே மாத்திரை கம்பெனி. லேபில் உட்கார்ந்து மாத்திரை தண்ணீரில் எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளை கோட்டு கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் அம்மா கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டாள். "பாருங்கடி, என் பொண்ணு டாக்டரம்மா கணக்கா கீறா!" எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

இன்னொன்று. அம்மா பேக்கிங்கில் இருப்பதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ பூனாவுக்குப் போன மறு வாரமே மேனேஜர் பட்டாபிராமன் சார் அவளை உன் இடத்துக்கு, பவுடர் ரூமுக்கு, எடுத்துக்கொண்டார். "சுந்தரு வேலைய நான் புடுங்கிக்கினேன்னு நெனச்சுக்குவான், எழுதாத" என்று அம்மா தடுத்துவிட்டாள். ஒன்றரை வருஷமாக மறைத்ததில் எனக்கு ஒப்புதல் இல்லை. சம்பளம் கொஞ்சம் கூட. தினமும் வெல்லமும் வாழைப்பழமும் உண்டு.

ராஜகீழ்ப்பாக்கத்துப் பெண் வீட்டார் மறுபடியும் கேட்டு அனுப்பினார்கள். பெண் டெலிபோன் ஆபீசில் இருக்கிறாள். உனக்கு வயது இருபத்தெட்டு. என்ன சொல்லட்டும்?

அம்மா கொஞ்சம் சோர்வாக இருக்கிறாள். நீ சுகமா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? பதில் போடு.

உன் தங்கை,
கிருபா

*

பிம்ப்ரி, பூனா
2.7.96

அன்புள்ள கிருபாவுக்கு, அண்ணன் ஆசீர்வாதங்கள். இங்கு நான் சுகம்.

வேலை கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் அந்தக் கம்பெனி வேண்டாம். பி.எட். படி, டீச்சர் வேலைக்குப் போ. நான் பணம் அனுப்புகிறேன்.

அம்மா பவுடர் ரூமிலா? உடனே பேக்கிங்குக்கே போய்விடச் சொல். அங்கே தூசி ஜாஸ்தி.

கல்யாணப் பேச்சு இப்போது வேண்டாம்.

சுந்தர்சிங்

*

முடிச்சூர்,
14.7.96

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். "தூசியாம். இவன் மட்டும் அந்தத் தூசில இல்லியா?" என்றாள். நான் என்ன சொல்வது? காரணம் இல்லாமல் "போகச் சொல்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நீ அங்கே உட்கார்ந்துவிடுகிறாய். இங்கே அதைச் சுமந்துகொண்டு நிற்பது நான்.

பவுடர் ரூமை இப்போது நானே பார்க்கிறேன். சாம்பிள் எடுக்கக் கதவு வரை போவேன். உள்ளே நாலு பேர், எல்லோரும் அம்மா வயதுக்காரர்கள். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு பெரிய சல்லடையில் பொடியைச் சலிக்கிறார்கள். புருவம், இமை எல்லாம் வெள்ளை. முன்பு அங்கே ஆண்கள்தானே இருந்தீர்கள்? இப்போது டிரம் தூக்கவும் மெஷின் கழுவவும் உன்னோடு இருந்த சேட்டு ஒருவர்தான் ஆண். வயதுப் பெண்களையும் உள்ளே விடுவதில்லை. ஏன் என்று கேட்டேன். "ரூல்ஸ்மா" என்றார் பட்டாபிராமன் சார்.

நாலு மணிக்கு மணி அடிக்கும். வெளியே வந்து ஆளுக்கு ஒரு உருண்டை வெல்லத்தை வாயில் போட்டுக்கொள்கிறார்கள். வெல்லம் தூசியை இழுத்துக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடுமாம், நெஞ்சில் நிற்காதாம். வயிற்றுக்குள் போன பிறகு எங்கே போகும் என்று கேட்டதற்கு அம்மா என்னை ஏதோ வேலையற்ற கேள்வி கேட்டவளைப் போலப் பார்த்தாள். கையைக்கூடக் கழுவாமல்தான் அந்த வெல்லத்தைத் தின்கிறார்கள்.

தபீதாள் அக்காவைத் தெரியுமல்லவா, சர்ச்சில் முதல் வரிசையில் உட்காருவார்களே. அவர்கள் அம்மாவிடம் ஏதோ சொன்னார்கள். "மறுபடியும் நமக்கெல்லாம் தலைக்குத் தண்ணி ஊத்தி, புட்டு சுத்தணும் போலக்கீதுடி ஞானம்மா!" நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அன்று புரியவில்லை. இப்போது புரிகிறது. உனக்கு எழுத முடியாது.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதுகிறேன். வெளிறிப்போயிருக்கிறாள். நீ ஏன் அந்த வேலையை விட்டாய் என்று ஒரே ஒரு வரி எழுது அண்ணா. அதைச் சொன்னாலாவது கேட்பாள்.

கிருபா

*

பிம்ப்ரி,
9.8.96

அன்புள்ள கிருபாவுக்கு, நலம். நாடுவதும் அதே.

இங்கு விடாமல் மழை. ரூமில் துணி காய்வதில்லை. மெஸ்ஸில் சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்கள். ஒரு தமிழ்ப் பையன் வந்து சேர்ந்திருக்கிறான், விருத்தாசலம் பக்கம்.

அம்மாவுக்கு ரத்தம் குறைவாக இருக்கும். இரும்புச் சத்து டானிக் வாங்கிக் கொடு. பேரீச்சம்பழமும் நல்லது. இத்துடன் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன்.

வேலை பிடிக்கவில்லை, விட்டேன். அவ்வளவுதான்.

சுந்தர்சிங்

*

முடிச்சூர்,
25.8.96

அன்பு மகன் சுந்தர்சிங்குக்கு, அம்மா ஞானம்மாள் சொல்லி, கிருபா எழுதுவது. அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறாள். அப்படியே எழுதுகிறேன்.

"சுந்தரு, நான் நல்லாகீறேன். இந்தப் பொண்ணு எழுதுறத நம்பிக்கினு பேஜாராவாத. நாலு எழுத்து படிச்சா ஊட்டுல எல்லாருக்கும் சீக்குன்னு தோணும் போலக்கீது. டானிக்கு குடிக்கிறேன்."

(டானிக் பாட்டில் அலமாரியில் சீல் உடைக்காமல் இருக்கிறது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் இதை எழுத முடிகிறது.)

"ராஜகீழ்ப்பாக்கம் பொண்ண நான் பார்த்தேன். மூக்கும் முழியுமா கீது. ஏன்டா வேணாங்கற? அங்க எவளையாவது வச்சிக்கினு கீறியா? இந்திக்காரியா இருந்தாலும் பரவால்ல, சொல்லித் தொலை."

(இதை எழுத மாட்டேன் என்றேன். எழுது என்று முதுகில் அடித்தாள்.)

"சனிக்கிழமையானா எண்ணெ தேய்ச்சிக்கினு குளி. மெஷின் சூடு ஒடம்புக்கு ஆவாது. நீ இங்க கீறப்பவே கடேசி ஒரு வருசம் என் கையில தலையே குடுக்கல. பொறந்ததுல இருந்து மணையில ஒக்காத்தி வச்சி நான்தானே தேய்ச்சேன்? அப்புறம் இன்னா வந்துச்சு உனக்கு, சட்டையோட போயி கதவ சாத்திக்கினு குளிக்கிற. பெரிய தொரை."

(அவள் சொல்லும்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது.)

"கிறிஸ்மஸுக்கு வா. போன வருசமும் வரல. கறி எடுத்து வைக்கிறேன். ஆண்டவர் உன்னக் காப்பாத்துவாரு."

இப்படிக்கு அம்மா.

(நேற்று அம்மா பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீடு வரை என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். வந்ததும் முதலில் புடவையை அலசினாள்.)

*

முடிச்சூர்,
22.9.96

அண்ணா, ஸ்தோத்திரம்.

இதைத் தனியாக இருக்கும்போது படி. ஒரு தங்கை அண்ணனுக்கு எழுதக் கூடாத விஷயம். எழுதி எழுதி மூன்று இன்லேண்ட் லெட்டரைக் கிழித்துவிட்டேன்.

அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. இந்த வருஷ ஆரம்பத்திலிருந்து மறுபடியும் ரத்தம் படுகிறதாம். மாதம் ஒரு முறை என்ற கணக்கெல்லாம் இல்லை. நிற்பதே இல்லை. தபீதாள் அக்காவுக்கும் அப்படித்தான். பவுடர் ரூமில் இருக்கும் நாலு பேருக்கும் அப்படித்தான். வெளியே தெரிந்தால் ரூமை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நாலு பேரும் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டு மறைக்கிறார்கள். அன்று அதைத்தான் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாம் செய்வது பெண்களுக்கான ஹார்மோன் மாத்திரை. தினமும் கையில் எடுத்துக் கரைத்துப் பார்க்கிற எனக்கு, அதன் பொடி காற்றில் பறந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க இத்தனை நாள் ஆயிற்று. மேற்குத் தாம்பரத்தில் லேடி டாக்டரிடம் நான் மட்டும் போனேன். எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்து நாடி பிடித்தார்கள். இல்லை, அம்மாவுக்கு என்று சொல்லி, வேலையையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். "மாத்திரையா முழுங்கினாத்தான்னு இல்லம்மா. மூச்சுல போனாலும் தோல்ல போனாலும் அதே மருந்துதான். அளவே இல்லாம போயிட்டிருக்கு" என்றார்கள். நின்றுபோன பிறகு இப்படிப் பட்டால் கர்ப்பப்பையைச் சுரண்டி எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், கேன்சராகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும், ஆரம்பத்திலேயே பார்த்தால் காப்பாற்றிவிடலாம் என்றார்கள். முதலில் அந்த ரூமை விட்டு வெளியே வரச் சொன்னார்கள்.

அம்மா என்ன சொல்கிறாள் தெரியுமா? "சுந்தரு ரெண்டு வருசம் அதே ரூமுல கீனான். அவனுக்கு இன்னா ஆச்சு? மாப்ள கணக்கா கீறான். பவுடரு கெட்டதுன்னா அவனுக்கில்ல மொதல்ல வந்திருக்கணும்?" எதைச் சொன்னாலும் இதுதான் பதில். சுவரோடு பேசுவது போலிருக்கிறது.

இப்போது சேட்டுவைப் பற்றி. போன வாரம் சைக்கிளில் வரும்போது மழையில் நனைந்துவிட்டார். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கேட்டில் நின்ற பையன்கள் பார்த்துவிட்டார்கள். "இன்னா சேட்டு, எப்போ வயசுக்கு வந்த? சொல்லவே இல்ல!" "பாடி வாங்கிக் குடுங்கடா மச்சானுக்கு!" என்று ஒரே கூச்சல். அவர் கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்தேன். சேட்டு மே மாதத்திலும் இரண்டு பனியன் போடுவார் என்று ஒருவன் சொன்னான்.

அண்ணா, நீயும் இரண்டு பனியன் போட்டாய். நான்தான் துவைத்தேன். வாரத்துக்கு ஏன் இத்தனை பனியன் என்று உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இதற்குமேல் நான் எழுத மாட்டேன். நீ எழுது.

கிருபா

*

முடிச்சூர்,
20.10.96

அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

போன கடிதம் கிடைத்ததா? ஒரு மாதம் ஆகப்போகிறது. மணியார்டர் மட்டும் வருகிறது. அதில் எழுதும் இடத்தில் "நலம்" என்று ஒரு வார்த்தை. தபால்காரர் படித்துக் காட்டினால் அம்மாவுக்குச் சந்தோஷம். "பாரு, அவன் நல்லாதான் கீறான்" என்கிறாள். உன் "நலம்" எனக்கு எதிராக சாட்சி சொல்கிறது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். நீ இல்லை என்றார்கள். பின்னால் உன் குரல் கேட்டது.

கிருபா

*

பிம்ப்ரி,
17.11.96

கிருபாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். இந்த ரூமில் நாலு பேர் இருக்கிறோம். அப்படியெல்லாம் இனிமேல் எழுதாதே.

அம்மாவை எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. செலவைப் பார்க்காதே. ராஜகீழ்ப்பாக்கத்தில் வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிடு, அந்தப் பெண்ணைக் காக்க வைக்க வேண்டாம்.

சேட்டுவிடம் ஒன்று சொல். அந்த ரூமை விட்டு வந்தால் வலி கொஞ்ச நாளில் போய்விடும். வீக்கம் குறையும். முழுக்கப் போகாது. கேலி செய்கிறவன் எதிரில் குனியாமல் நிற்கச் சொல், குனிந்தால்தான் அதிகமாகத் தெரியும். இதை யார் சொன்னது என்று சொல்லாதே.

கிறிஸ்மஸுக்கு லீவு கிடைப்பது கஷ்டம்.

சுந்தர்சிங்

*

முடிச்சூர்,
1.12.96

என் பிரியமான அண்ணனுக்கு, கிருபாவின் ஸ்தோத்திரம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? இத்தனை கடிதத்திலும் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவைதான் நிஜமாகக் கேட்கிறேன்.

சேட்டுவிடம் சொன்னேன். லேபுக்கு வெளியே, டிரம் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில், அவர் முகத்தைப் பார்க்காமல் மனப்பாடம் போல ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் "சுந்தரு சொன்னானாம்மா?" என்றார். இல்லை என்றேன். "சரி, இல்லன்னே இருக்கட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் மட்டுந்தான் இப்படின்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா. ஏதோ பாவம் பண்ணிட்டேன்னு." மறுநாள் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார். குன்றத்தூரில் மச்சான் சைக்கிள் கடையில் இருக்கிறாராம். ஒரு வரியில் அவரை வெளியே கொண்டுவந்துவிட்டாய். அதே ஒரு வரியை அம்மாவுக்குச் சொல்ல உனக்கு இரண்டு வருஷம் போதவில்லை. கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. திருத்தப்போவதில்லை.

பட்டாபிராமன் சாரிடமும் போனேன். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், அதுகூட இல்லை. உட்காரச் சொல்லி விளக்கினார். "அதுக்குத்தானேம்மா வயசானவங்களா பார்த்துப் போட்டிருக்கோம். ஜென்ட்ஸைப் போட்டா ஒரு ப்ராப்ளம். சின்னப் பொண்ணுங்களைப் போட்டா இன்னொரு ப்ராப்ளம். இவங்களுக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமே என்ன ஆகப்போறது, சொல்லு?" தெரிந்துதான் செய்கிறார்கள், அண்ணா. முடிந்துபோனவர்கள் என்று தேடித்தான் எடுக்கிறார்கள். நான் எழுந்து ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "அவங்க முடிஞ்சுபோனவங்க இல்ல சார்" என்றுதான் சொல்ல வந்தது. அதுவும் பாதியில் நின்றுவிட்டது. மறுநாளிலிருந்து வெல்லத்தோடு ஒரு டம்ளர் பாலும் கொடுக்கிறார்கள். நான் கேட்டு வாங்கிக் கொடுத்த சலுகை என்று தபீதாள் அக்கா எனக்கு நன்றி சொன்னார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

லேடி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு முன்னால் எழும்பூர் ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்க்க வேண்டும். இதற்குமேல் தள்ளினால் தான் பொறுப்பில்லை என்றார்கள். அம்மா அந்தச் சீட்டை பைபிளுக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். நேற்று மாடிப்படி ஏற முடியாமல் கம்பெனியில் பாதியில் நின்றாள். வீட்டுக்கு வந்து அழுதேன், கத்தினேன். நான் கத்தி நீ கேட்டிருக்கிறாயா? அம்மா பயந்துவிட்டாள். அப்புறம் மெதுவாக அதையேதான் சொன்னாள். "சுந்தருக்கு ஒண்ணும் ஆவலியேடி."

உன் கடைசிக் கடிதத்தை அவளுக்குப் படிக்கவில்லை. யார் சொன்னது என்று சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொல்லவில்லை. சொன்னாலும் நானே சேர்த்துப் படிப்பதாகத்தான் நினைப்பாள். நான் அப்படிச் செய்யக்கூடியவள் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த கடிதத்தில் நீயே விவரமாக எழுதினாலும் அதுவும் என் வாயிலிருந்துதானே வர வேண்டும்? கடிதத்தால் ஆகிற காரியம் இதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று செப்டம்பரிலிருந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் கேட்காமலே ஒட்டிவிட்டேன். உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கு வெட்கம் என்றால் எனக்கும் அதுதான் குணம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

கிறிஸ்மஸுக்கு வா அண்ணா. லீவு இல்லாவிட்டால் சொல்லாமல் புறப்பட்டு வா. அம்மா எப்படியும் எண்ணெய் காய்ச்சி வைப்பாள், மணையை எடுத்துப் போடுவாள். இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொள்ளாதே. நான் கடைக்குப் போய்விடுகிறேன், நீங்கள் இருவர் மட்டும் இருங்கள். அவளுக்கு நீ எதுவும் சொல்ல வேண்டாம், விளக்க வேண்டாம். சட்டையையும் இரண்டு பனியனையும் கழற்றிவிட்டு, அம்மா முன்னால் அந்த மணையில் ஒரு தரம் உட்கார்.

கிருபா